சிந்து மைனி பச்சோந்தி பார்க்கப் போன கதை

என் அண்ணன் பெண்டாட்டி, அதாவது என் மைனி, சிந்துவுக்கு எங்கள் வீட்டில் முதலில் வைத்த பட்டப்பெயர் சாது. கடைசியாக வைத்தது பச்சோந்தி. இரண்டையும் வைத்தவள் என் அம்மா பங்கஜம். நடுவில் மைனி மாறினாளா என்றால், மாறினாள். நல்லவேளை, மாறினாள். இந்தக் கதையை எங்கள் வீட்டு ஆட்கள் வேறு மாதிரி சொல்வார்கள், தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். கூட இருந்து பார்த்தவள் நான்தான்.

பெண் பார்க்கப் போனபோதும் கூட இருந்தேன். எங்களுக்குத் தி.நகரில் பாத்திரக்கடை, அவர்களுக்கு அதே வட்டாரத்தில் துணிக்கடை. இரண்டு குடும்பமும் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றியவர்கள். அம்மா அன்றைக்குக் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சத்தமாகப் பேசுவாளா? எதிர்த்துப் பேசுவாளா? கோபம் வருமா? எல்லாவற்றையும் சிந்துவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அவள் அப்பாவிடம் கேட்டாள். சண்முகவேல் மாமாவும் முகமெல்லாம் சிரிப்பாக, "எம் பிள்ளை ரொம்ப சாது. வாயில வெரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் கல்யாணம் முடிவாகிவிட்டது.

என் அண்ணன் முருகன் குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். "அடிச்சானா? குடிச்சானா? பெறகென்ன?" என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறாள். அவன் செய்ததெல்லாம் வேறு. மைனி என்ன புடவை கட்ட வேண்டும், எப்போது அப்பா வீட்டுக்குப் போகலாம், மின்விசிறி எந்த வேகத்தில் ஓட வேண்டும், எல்லாம் அவன் முடிவு. கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை அவளைக் கல்லாவில் உட்கார்த்தி வைத்தான். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். மருமகள் என்றால் இவளல்லவா மருமகள் என்று அம்மா கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பித்தளைக் குடம் வாங்க வந்த யாரோ ஓர் அம்மாள் மீதிச் சில்லறையை வாங்கும்போது மைனியின் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, கண்ணு ரெண்டும் இப்படி மஞ்சளாக் கெடக்கு?" என்று கேட்டிருக்கிறாள். எழுந்த மைனி கல்லா மேஜையிலேயே சரிந்துவிட்டாள். மஞ்சள் காமாலை முற்றிப்போயிருந்தது. ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட என் அண்ணன் கண்ணுக்கு அது படவில்லை. குடம் வாங்க வந்தவள் கண்ணுக்குப் பட்டது. நான் அப்போது கோயம்புத்தூரில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். ஓடி வந்து பார்த்தால் ஆஸ்பத்திரியில் அம்மா, "சொல்லிருக்கலாம்லா?" என்று மைனியையே திட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அம்மாவோடு போட்ட சண்டையை அந்த வார்டே கேட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று மைனி அண்ணனின் காரில் ஏறவில்லை. ஆட்டோ பிடித்து நேரே மயிலாப்பூர் போய்விட்டாள். அவளோடு படித்த ஜானகி தெற்கு மாட வீதிப் பக்கம் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறாள். புடவையை நீட்டினால் அதற்குப் பொருந்துகிற ஜாக்கெட் துணியைக் கிழித்துக் கொடுக்கும் கடை. அங்கேயே வேலை, பக்கத்துச் சந்தில் ஒரு மாடி அறை. கோபித்துக்கொண்டு போனவள் வந்துவிடுவாள் என்று எங்கள் வீட்டில் காத்திருந்தார்கள். போன மாதம் விவாகரத்து நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸ் வந்த வெள்ளிக்கிழமையே அம்மா மேட்சிங் சென்டருக்குப் படையெடுத்துவிட்டாள். கடை நிறைய ஆட்கள். "சாதுன்னு நம்பிக் கூட்டியாந்தோமே, ஏளா, நீ பச்சோந்தில்லா! எப்படி நிறம் மாறிட்டே!" என்று கத்தியிருக்கிறாள். மைனி ஒரு மீட்டர் மாம்பழ நிறத் துணியை அளந்து கிழித்து, மடித்து, வாங்க வந்தவரிடம் கொடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான், "அத்தை, வழியை மறைக்கீங்க" என்றாளாம்.

அன்று மாலை எனக்கு போன் வந்தது.

"நிலா, பச்சோந்தி எதுக்கு நிறம் மாறுதுன்னு உனக்குத் தெரியுமா?"

நான் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தெரியாது என்று சொல்ல வாய் வருமா? "ஒளிஞ்சுக்கறதுக்குத்தான் மைனி. இலைமேல இருந்தா பச்சை, கட்டைமேல இருந்தா..."

"அதான் எல்லாரும் சொல்லுதாங்க. முக்கால்வாசி அது காரணமே இல்லையாம். கோவம் வந்தா ஒரு நிறம், பயந்தா ஒரு நிறம், குளிருச்சுன்னா ஒரு நிறம். மனசுல இருக்கறதை அதால மறைக்கவே முடியாதாம், தோல்ல வந்துருமாம். அதைப் போயி வேஷக்காரன்னு ஏசிக்கிட்டிருக்கோம் நாம." கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள்: "நான் ஒண்ணு வளக்கப் போறேன்."

எங்கள் பள்ளிக்கூட மதில்மேல் தலையை ஆட்டிக்கொண்டிருக்குமே, அதைப் பிடித்து வளர்க்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அது ஓணானாம். பாதிச் சென்னை அதைத்தான் பச்சோந்தி என்று நம்பிக்கொண்டிருக்கிறது, நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன். நம் நாட்டு நிஜப் பச்சோந்தியைப் பிடித்து வீட்டில் வைத்தால் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு வகையில், இங்கேயே கூண்டில் பிறந்ததை, உரிய காகிதங்களோடு வாங்கி அரசாங்கத்தில் பதிவு செய்து வளர்க்கலாம். மைனி இதையெல்லாம் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். வீட்டுக்காரம்மாளிடமும் கேட்டுவிட்டாளாம். அந்த அம்மாள் ரொம்ப யோசித்துவிட்டு, "நாயும் பூனையும்தான் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றாளாம்.

இதற்குள் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டார்கள். அன்று மாலை எல்லோரும் மைனியின் அறைக்குப் போவது, நோட்டீஸைத் திரும்ப வாங்க வைப்பது, கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. சண்முகவேல் மாமாவும் தலையாட்டிவிட்டார். அப்பாவே சொன்ன பிறகு அவளால் மறுக்க முடியாது என்று அம்மா கணக்குப் போட்டாள். அதில் தப்பும் சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து அவள் அப்பா பேச்சைத் தட்டியதில்லை. உடனே மைனிக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

"சாயந்திரந்தானே வாராங்க? வரட்டும். காலையில எனக்கு வேலை இருக்கு" என்றாள் மைனி. என்ன வேலை என்று உங்களுக்கே தெரியும்.

ஞாயிறு காலை நான் போய்ச் சேர்ந்தபோது மாமா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். மகளைத் தனியாகப் பார்த்து மனசைக் கரைக்கலாம் என்று எண்ணம் போலிருக்கிறது. மைனி அவருக்குக் காபி கொடுத்தாள், பேச விடவில்லை. "வாங்கப்பா, ஒரு எடத்துக்குப் போகணும்" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். எங்கே போகிறோம் என்பது ஆட்டோ லஸ் முனையைத் தாண்டிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. "பச்சோந்தியா?" என்று மூன்று தடவை கேட்டார்.

ஆழ்வார்பேட்டையில் கண்ணாடிக் கதவு போட்ட வளர்ப்புப் பிராணிக் கடை அது. கடைக்காரர் எங்களை உட்கார வைத்து டீ சொன்னார். மாமா வியாபாரி. எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் விசாரிக்காமல் இருக்க அவரால் முடியாது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். சத்தம் போடுமா? கோபம் வருமா? சீறுமா? பழகுமா? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மைனியைத் திரும்பிப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை.

கடைக்காரர் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, குச்சியோடு ஒன்றை எடுத்து வந்தார். தலையில் கொண்டை மாதிரி எலும்பு, சுருட்டின வால், கரும்பழுப்பு நிறம். அசையவே இல்லை. மாமாவின் கையில் வைத்தார், அங்கேயும் அசையாமல் இருந்தது. "மொத மொதல்ல வளர்க்கறவங்களுக்கு இதுதான் சார் கரெக்ட். ரொம்ப சாது. வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்காது" என்றார் கடைக்காரர்.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், அதே வார்த்தை.

மாமா மகிழ்ந்துபோனார். "பாரு, எங்க வச்சாலும் அங்கனயே இருக்கு. இதையே எடுத்துக்கோளா. நல்ல குணம்."

மைனி குனிந்து பார்த்தாள். "பகல்ல ஏன் கண்ணை மூடிருக்கு?"

"தூங்குது மேடம்."

"பகல்ல தூங்காது. கண்ணு உள்ள போயிருக்கு. கால்ல பிடியே இல்ல, அப்பா கையைச் சாய்ச்சாரு, அது சரியுது." நிமிர்ந்தாள். "அப்பா, இது குணம் இல்ல. இதுக்கு உடம்பு சரியில்ல."

"சும்மா இருக்கறது ஒரு சீக்கா? சாதுளா அது."

"நானும் சும்மாத்தான் இருந்தேன்பா, கல்லாவுல. கண்ணு மஞ்சளாக் கெடந்துச்சு. பாத்தவங்க எல்லாரும் சாதுன்னீங்க. சாதுவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சாகக் கெடந்தேன்."

மாமா கையில் இருந்ததை மறந்து மகளையே பார்த்தார். அந்தப் பிராணி விழுந்துவிடப் போகிறதே என்று நான் வாங்கிக் குச்சியில் விட்டேன். கடைக்காரருக்கு எங்கள் குடும்பக் கதை எதற்கு? "வேணாம்னா கிளம்புங்க மேடம்" என்றார்.

"வேணாம். ஆனா கெளம்ப மாட்டேன். இதை இப்பவே டாக்டர்கிட்ட கொண்டு போங்க, போனதும் நான் போறேன்."

"அதைச் சொல்ல நீங்க யாரு?"

"யாராவது ஒருத்தர் சொல்லணும்ல?" என்று மைனி கத்தினாள். ஆமாம், கத்தினாள். மைனியின் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மீன் தீனி வாங்க வந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது, கிளிக் கூண்டில் எல்லாக் கிளிகளும் கூடச் சேர்ந்து கத்தின. யாரோ செல்போனைத் தூக்கிப் படமெடுக்க ஆரம்பித்தார்கள். கடைக்காரர் அதைப் பார்த்ததும் இறங்கி வந்தார். கடை ஆள் ஒருவர் அந்தப் பிராணியைத் துணி விரித்த பெட்டியில் வைத்து வண்டியில் டாக்டரிடம் கொண்டுபோகிறவரை மைனி வாசலில் நின்றாள். பிறகு டாக்டருக்கு அவளே போன் போட்டு, வந்து சேர்ந்ததா என்று உறுதி செய்துகொண்டாள். மாமா டீயைத் தொடவில்லை.

அங்கிருந்து அடையாறு. ஆசிஃப் என்பவர் தன் வீட்டு மொட்டை மாடியில் நிழல்வலை கட்டி, வலைக்கூண்டுகளில் செடி வைத்துப் பச்சோந்திகளை வளர்க்கிறார். கூண்டுக்கு ஒன்றுதான். ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவில் தட்டி. மைனி ஒரு கூண்டின் முன்னால் நின்றதும் உள்ளே இருந்தது உடம்பைப் பலூனாக ஊதிக்கொண்டு, வாயைத் திறந்து 'ஸ்ஸ்' என்று சீறியது. பச்சை உடம்பில் மஞ்சள் பட்டைகள் பளிச்சென்று எழும்பின. மாமா இரண்டடி பின்னால் போனார்.

"இன்னாக்கா, பயந்துட்டீங்களா?" என்றார் ஆசிஃப்.

"இல்ல. எனக்கு நல்ல குணமா ஒண்ணு வேணும்."

"இதுவே நல்ல குணந்தான்க்கா. இப்ப இன்னா சொல்லுது? கிட்ட வராதன்னு சொல்லுது. சொல்லாம கொள்ளாம கடிச்சாத்தான் கெட்ட குணம். இது சொல்லிட்டுத்தான் கடிக்கும். நல்லா சாப்புடுது, கண்ணு உங்களையே பாத்துக்கினு கீது, பிடி இரும்பு மாதிரி. வேற இன்னா வோணும்? கையை உள்ள நீட்டி ஆடாம நில்லுங்க. நீங்க புடிக்காதீங்க. வர்ணும்னா அதுவே வரும்."

மைனி கையை நீட்டினாள். அது மறுபடி சீறியது. அவள் கையை இழுக்கவும் இல்லை, கிட்டே கொண்டுபோகவும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு நேரம்ளா நிப்ப?" என்றார். "அதுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ, அவ்வளவு நேரம்" என்றாள். ஊதின உடம்பு மெதுவாக வற்றியது. ஒரு கண் மைனியைப் பார்த்தது, இன்னொரு கண் மாமாவைப் பார்த்தது. பிறகு முன்னும் பின்னும் ஆடி ஆடி ஒரு காலை எடுத்து அவள் விரலில் வைத்தது. இன்னொரு கால். மணிக்கட்டு வரை வந்து, அங்கே நின்றுகொண்டு மறுபடி ஒரு தடவை சீறியது.

"இதுதான்" என்றாள் மைனி. அவள் அழுதுகொண்டிருந்தாள். நானும்தான். எதற்கு மறைக்க வேண்டும்?

"கொஞ்சறதுக்கெல்லாம் ஆவாதுக்கா, சொல்லிட்டேன். பாத்துக்கினு இருக்கறதுக்குத்தான்" என்று ஆசிஃப் ஞாபகப்படுத்தினார். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்காது, இலைமேல் தெளிக்க வேண்டும் என்றார். எந்த விளக்கு, என்ன பூச்சி, எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்றும் சொன்னார். கூண்டில் பிறந்ததற்கான காகிதங்களை மாமா வாங்கி வரிவரியாகப் படித்தார்.

மாலையில் எல்லோரும் வந்தார்கள். அம்மா கட்டில் முனையில் உட்கார்ந்தாள், அண்ணன் அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தான். மாமா உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலோரம் செடிக்குள் இருந்த பிராணியை அம்மா பார்த்துவிட்டாள்.

"அய்யய்ய, இதென்ன கருமம்?"

"பச்சோந்தி, அத்தை."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. சமாளித்துக்கொண்டு, "ஒத்தையிலயா வச்சிருக்க? ஜோடி வேண்டாமா?" என்றாள்.

"அது தனியாத்தான் இருக்கும். இன்னொண்ணைப் பாத்தாலே அதுக்கு ஆகாது."

அண்ணன் தொண்டையைச் செருமினான். "சிந்து, நோட்டீஸை வாபஸ் வாங்கிரு. வீட்டுக்கு வா. அந்தப் பல்லியையும் வேணா எடுத்துட்டு வா, நான் ஒண்ணும் சொல்லல." பெரிய மனசு பண்ணுகிறானாம். எனக்கு வந்த கோபத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"வரல" என்றாள் மைனி.

"நான் என்ன செஞ்சேன் உன்னை?"

"நீங்க ஒண்ணுமே செய்யல. சாகக் கெடந்தப்பவும் ஒண்ணும் செய்யல."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் நிக்க? உங்க அண்ணனுக்காக ஒரு வார்த்தை பேசேன். யாரு பக்கம் நீ?"

"மைனி பக்கம்."

"இனிமே அவ உனக்கு என்ன மைனி?"

"அவ கோர்ட்டுல அண்ணனைத்தான் விடுதா. என்னை இல்ல."

அம்மா ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருக்கப் போகிறாள் என்று அப்போதே தெரிந்தது. கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. உங்க பிள்ளை உங்க பேச்சைத் தட்ட மாட்டா. கூட வரச் சொல்லுங்க."

மைனி தன் அப்பாவைப் பார்த்தாள். மற்ற எல்லோரிடமும் அவ்வளவு திடமாக நின்றவளுக்கு அவரைப் பார்த்தபோது மட்டும் உதடு துடித்தது. அவர் வா என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இப்போதும் தெரியாது.

மாமா அம்மாவின் முன்னால் வந்து கை கூப்பினார். "தங்கச்சி, அன்னைக்கு உங்ககிட்ட நான் ஒரு பொய் சொல்லிட்டேன். எம் பிள்ளை சாதுன்னேன். சாது இல்ல. அந்தப் பொய்யை வச்சுத்தானே கட்டினீங்க? தப்பு எம்மேல. அவளை விட்டுருங்க."

அம்மா எழுந்து புடவையை உதறிச் சொருகிக்கொண்டாள். அண்ணனும் எழுந்தான். பேசப் பேச இவள் வழிக்கு வருவாள், கொஞ்ச நாள் ஆறப்போடலாம் என்ற நினைப்பு அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது.

மைனி வாசல்வரை வந்தாள். அவள் வளர்ப்பு அப்படி, வந்தவர்களை வாசல்வரை வந்துதான் அனுப்புவாள். மாமாவிடம், "போயிட்டு வாங்கப்பா" என்றாள். அம்மாவிடம்கூட, "போயிட்டு வாங்க அத்தை" என்றாள். அம்மா செருப்பை மாட்டினாள்.

அண்ணன் இரண்டு படி இறங்கித் திரும்பி, "வாரேன் சிந்து" என்றான்.

"போங்க" என்றாள் மைனி.

மீதிச் சொல்லுக்காக அண்ணன் படியிலேயே நின்றான். மைனி கதவைச் சாத்தினாள்.